இல்லாத இரண்டு அங்குலம்

கொள்ளேகால் தாலுகாவைக் கோயமுத்தூரிலிருந்து பிரித்து மைசூரோடு சேர்த்தபோது, தாலுகாவோடு பதினோரு சாக்கு மூட்டைகளும் வந்து சேர்ந்தன. எல்லை போட்ட பெரியவர்கள் ஆற்றையும் மலையையும் ஜனத்தையும் யோசித்தார்கள். மூட்டையை யார் அவிழ்ப்பது என்று யோசிக்கவில்லை. ஐம்பத்தேழாம் வருஷம் ஜனவரியில் அவை மைசூரில் எங்கள் ஜில்லா அலுவலகத்துத் தாழ்வாரத்தில் வந்து இறங்கின. உள்ளே இருந்தவை அந்தத் தாலுகாவின் துப்பாக்கி உரிமங்கள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்.

அலுவலகத்தில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு எழுத்து கன்னடம்தான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அதனால் பிறப்பு இறப்புப் பதிவில் நிம்மதியாக இருந்த என்னைத் தூக்கி ஆயுதப் பிரிவில் போட்டார்கள்.

"லூர்துராஜ், இனிமே நீங்கதான் நம்ம யுத்த மந்திரி!" என்றார் தலைமை குமாஸ்தா சீனிவாசன்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான்தான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே சட்டைப் பையில் இரண்டாவது பேனா ஒன்றைச் செருகிக்கொண்டு வந்தேன்.

புது ஜில்லாவில் எல்லாத் துப்பாக்கிக்கும் புதிதாக உரிமம் எழுத வேண்டும். உரிமம் கிடைக்காதவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். காட்டோரத்து விவசாயிகளுக்குப் பயிர்க்காவல் உரிமம் உண்டு. ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனைதான் என்று எண்ணிக்கை வைத்திருந்தார்கள். கொள்ளேகால் காட்டோரத்துக் கௌதள்ளிப் பக்கத்துக்கு ஏழு.

முதல் விண்ணப்பத்தோடு வந்தவர் என் சகலை குழந்தைசாமி. என் மனைவி ரோசலினின் அக்கா சகாயமேரியைக் கௌதள்ளியில்தான் கொடுத்திருந்தது. அவருக்குக் காட்டை ஒட்டி மூன்று ஏக்கர். ராகியும் கடலைக்காயும் போடுவார். அவரிடம் இருந்தது அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி. வாய் வழியாக மருந்தைக் கெட்டித்து வெடிக்கிற சாமான். அது இன்றுவரை எதையும் கொன்றதில்லை. வானத்தைப் பார்த்து ஒருமுறை வெடித்தால் யானை நின்று யோசிக்கும். பன்றி யோசிக்காமலே திரும்பிவிடும். குழந்தைசாமிக்கு அது போதும்.

"தம்பி, நீயே இங்க உக்காந்திருக்கறப்ப எனக்கென்னப்பா கவல? எழுதி வெச்சுரு. நான் மார்க்கெட்டுப் பக்கம் போயிட்டு வந்தர்றன்" என்று கடலைக்காய்ப் பையை என் மேஜைமேல் வைத்தார்.

"அண்ணா, பையைக் கீழ வைங்க. இங்க சட்டம்னு ஒண்ணு இருக்கு. வரிசைன்னு ஒண்ணு இருக்கு."

"வரிசைல நாந்தானே மொதல்ல நிக்கறன்?" என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை.

சொந்தக்காரரின் காகிதத்தை முதலில் எடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆகவே அவருடையதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். அடுத்தடுத்து வந்தவர்களின் விண்ணப்பங்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன. அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சமயத்தில் அவர்கள் என் மேஜையைச் சுற்றி நின்று, "ஆஹா, லூர்துராஜின் நேர்மை!" என்று தலையசைப்பதுபோல எனக்கு இருந்தது. வீட்டில் ரோசலினிடமும் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"அடியில வெச்சா என்ன, மேல வெச்சா என்ன. ராகி கதிர் பிடிக்கறதுக்குள்ள மாமாவுக்குக் கிடைச்சாச் சரி" என்றாள் அவள்.

இந்த நேரத்தில்தான் கேசவமூர்த்தி வந்தார்.

லட்சுமிபுரத்தில் அவர் வீட்டு வாசல் பலகையில் பெயர் ஒரு வரி, பெயருக்கு முன்னால் பட்டம் இரண்டு வரி. முப்பது வருஷம் அரண்மனை விருந்தினர் உக்கிராணத்தில் வெள்ளிக் கரண்டிகளுக்கு அதிகாரியாக இருந்தவர். மீனுக்குத் தனி, மாமிசத்துக்குத் தனி, பழத்துக்குத் தனி என்று இருபத்திரண்டு வகைக் கரண்டியை, அவற்றில் பதினாறை ஒருமுறைகூட வாயில் வைத்துப் பார்க்காத ஒரு வைஷ்ணவர் கட்டிக் காத்தார். ராஜ்ஜியம் போனதும் ஓய்வு. ஆனால் நடையில் இன்னும் பின்னால் இரண்டு பேர் தட்டேந்தி வருகிற பாவனை மிச்சமிருந்தது.

கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கத்து மலை எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, பழகிய தோஷத்துக்குத் தன்னிடமிருந்த துப்பாக்கியையும் கௌதள்ளிக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் நிலத்தையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். நிலம் முழுக்கப் பாறையும் உண்ணிச்செடியும். துப்பாக்கி வேறு ரகம். அதை வெல்வெட் பெட்டியில் வைத்து, ஒரு மாத்வ மடத்துக்குச் சாளக்கிராமம் கொண்டுபோவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தார்.

"சாதாரண துப்பாக்கி இல்லை, கேட்டேளா லூர்துராஜ். அமெரிக்காவுல பண்ணினது. முன்னால இருக்கற இந்த மரப்பிடியைப் பின்னால இழுத்து முன்னால தள்ளணும். அடுத்த தோட்டா தானே மேல ஏறும். பம்ப் மாதிரி."

இழுத்துத் தள்ளிக் காட்டினார். சரக், சரக். பக்கத்துப் பிரிவில் இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"பாத்தேளா? இந்தச் சப்தம்தான் விசேஷம். ஆத்துக்குள்ள திருடன் வரான்னு வெச்சுக்கோங்கோ. சுடவே வேண்டாம். இதைக் கேட்டாலே ஓடிடுவான். ரூமுக்குள்ள, மாடிப்படியில, எங்கே வேணும்னாலும் திருப்பலாம். அதுக்குன்னே குட்டையாப் பண்ணியிருக்கா."

துரை அதை ஜீப் சீட்டுக்கு அடியில் வைக்கத் தோதாகக் குழலை அறுத்திருக்கிறார் என்பது குழலின் வாயைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சொல்லவில்லை.

பிரச்சினை பதிவேட்டில் வந்தது. எங்கள் பதிவேட்டில் நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு கட்டம், ஒற்றைக் குழல் தோட்டாத் துப்பாக்கிக்கு ஒன்று, இரட்டைக் குழலுக்கு ஒன்று, ரைபிளுக்கு ஒன்று, கைத்துப்பாக்கிக்கு ஒன்று. பம்புக்குக் கட்டம் இல்லை. சீனிவாசன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"குழல் ரெண்டு இருக்கே ஸ்வாமி? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. இரட்டைக் குழல்னு எழுதிடலாமா?"

"கீழ இருக்கறது தோட்டா நிக்கற குழாய். அது சுடாது."

"சுடாட்டாலும் குழல் குழல்தானே?"

"அப்போ கோவில் நாதஸ்வரத்துக்கும் லைசென்ஸ் எடுக்கணுமோ?"

சீனிவாசன் இதைக் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். அதற்குள் நான் அலமாரியைக் குடைந்து ஒரு சுற்றறிக்கையைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் யுத்த மந்திரியால் சும்மா இருக்க முடியுமா? அதில் இப்படி இருந்தது: குழல் நீளம் இருபது அங்குலத்துக்குக் குறைந்தால், தோளில் வைத்துச் சுடுவதாக இருந்தாலும் அது கைத்துப்பாக்கி இனத்தில் சேரும். கைத்துப்பாக்கிக்குப் பெங்களூரில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு, மனுதாரரின் உயிருக்கு இன்னாரால் ஆபத்து என்று காட்ட வேண்டும்.

கேசவமூர்த்தி ஒரு வாரம் எதிரி தேடினார். முப்பது வருஷம் அரண்மனையில் இருந்தவருக்கு எதிரி இல்லையென்றால் கௌரவக் குறைச்சல். யோசித்து யோசித்து மேல்கோட்டையில் நம்பி என்ற தாயாதி ஒருவரைப் பிடித்தார். கோவிலில் யாருக்கு முதல் தீர்த்தம் என்று இருபது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். உம்மால் எனக்கு உயிராபத்து உண்டு என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்க முடியுமா என்று அவருக்கே கடிதம் போட்டார். நம்பி தபால் கார்டில் பதில் எழுதியிருந்தார்: "உன்னை நினைத்தே பல வருஷம் ஆயிற்று. க்ஷேமமாக இருக்கவும்."

அந்தக் கார்டை என்னிடம் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உலகத்தில் ஒருவர்கூடத் தன்னைக் கொல்ல நினைக்கவில்லை என்பது அவருக்குப் புதுச் செய்தி.

"வேற வழி இல்லையா?"

சீனிவாசன்தான் வழி சொன்னார். குழல் இருபது அங்குலம் இருந்துவிட்டால் ஒற்றைக் குழல் கட்டத்தில் எழுதிவிடலாம். நகரத்தில் வீட்டுப் பாதுகாப்புக்கு அந்த வருஷம் உரிமம் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் ஐயங்காருக்குக் கௌதள்ளியில் ஐந்து ஏக்கர் இருக்கிறதே? பயிர்க்காவல்.

"பயிர்?" என்று கேட்டேன்.

"வரும்" என்றார் கேசவமூர்த்தி.

"முதல்ல அளக்கலாம்" என்றார் சீனிவாசன். "ஆபீஸ்ல இருக்கறது ஓரடி ஸ்கேல். எடுத்து எடுத்து வெச்சா சரியா வராது. லூர்துராஜ், உங்க வீட்டம்மா தையல் தெக்கறவங்கதானே? நாளைக்கு ஒரு டேப்பு கொண்டாங்க."

மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்து முழுக்க ரோசலின் தைத்த ஜாக்கெட்தான். அந்த டேப்பு அவள் கல்யாணத்துக்கு வந்தது. அதில் முதல் இரண்டு அங்குலம் கிடையாது. கௌதள்ளிக்கு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, அக்கா மகள் மோலி, அப்போது நாலு வயசு, கத்தரியை எடுத்துப் பொம்மைக்கு இடுப்புப் பட்டை வேண்டுமென்று தலைப்பை வெட்டிவிட்டாள். குழந்தைசாமி கையை ஓங்கினார். "வுடுங்க மாமா, ரெண்டங்குலம்தானே, கழிச்சுக்கறேன்" என்று ரோசலின் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒன்பது வருஷம் அவள் கழித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஜாக்கெட்கூட அளவு தப்பித் திரும்பி வந்ததில்லை.

"டேப்பு எதுக்கு?" என்று கேட்டாள்.

"சர்க்கார் காரியம்."

"சர்க்காருக்கு ஜாக்கெட் தெக்கறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, "ரெண்டு கழிக்கணும். மறந்துராதீங்க" என்றாள்.

நான் மறக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அளப்பது கேசவமூர்த்தியின் வீட்டில் என்று சீனிவாசன் ஏற்பாடு செய்திருந்தார். பத்து மணிக்குப் போனோம். நான் வழக்கம்போல வராந்தாவில் நின்றுகொண்டேன். அந்த மாதிரி வீடுகளில் எங்கள் ஜனம் வராந்தாவில் நிற்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். கேசவமூர்த்தி உள்ளிருந்து வந்தார்.

"ஏன் அங்கேயே நிக்கறேள்? உள்ள வாங்கோ. வாங்கோன்னா! இந்த நாற்காலியில உக்காருங்கோ. இதுல ஒரு திவான் உக்காந்திருக்கார்."

உட்கார்ந்தேன். பிரம்பு தளர்ந்து, திவானுக்குப் பிறகு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இருந்தாலும் முதுகு தானாக நிமிர்ந்தது. அவர் மனைவி வத்ஸலா அம்மாள் அரண்மனை முத்திரை போட்ட பீங்கான் கோப்பையில் காப்பி கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். தம்ளரைத் தூக்கி ஊற்றுகிற கதை இல்லை. கையில். பீங்கான் கழுவினால் தீட்டு போய்விடும் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

கோப்பையை வைத்துவிட்டு டேப்பை எடுத்தேன். சீனிவாசன் துப்பாக்கியின் வாயில் டேப்பின் தலைப்பை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். '2' என்ற எண் அவர் கட்டைவிரலுக்கு அடியில் போயிற்று. நான் மறுமுனையை இழுத்துப் பார்த்தேன்.

"இருபதரை" என்றேன்.

எனக்குப் பழக்கம் அப்படி. முதலில் டேப்பில் இருப்பதைப் படிப்பது, பிறகு கழிப்பது. ரோசலினும் அப்படித்தான் செய்வாள். "இருபதரை" என்பதற்கும் "கழித்தால் பதினெட்டரை" என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டேன்.

அந்த மூச்சுக்குள் கேசவமூர்த்தி, "பேஷ்!" என்றார். "நான் அப்பவே சொன்னேனே! துரைன்னா துரைதான். அரை அங்குலம் கூடவே வெச்சிருக்கான். வத்ஸலா, லூர்துராஜுக்கு இன்னொரு காப்பி!"

சீனிவாசன் எழுதிவிட்டார். அவர் கட்டைவிரலை எடுத்தபோது அதற்கு அடியில் இருந்ததைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தாலும் அவர் பார்க்கிற ஆள் இல்லை. இரண்டாவது காப்பி வந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். திவானின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "மன்னிக்கணும், இது பொம்மைக்குப் பட்டை வெட்டின டேப்பு" என்று எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், ஆபீஸில் திருத்திக்கொள்ளலாம் என்று காப்பியைக் குடித்தேன். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆபீஸில் என் கையெழுத்திலேயே பதிவேட்டில் ஏறியது: ஒற்றைக் குழல், நீளம் இருபதரை அங்குலம், நோக்கம் பயிர்க்காவல், இடம் கௌதள்ளி. அதுவரை அந்தப் பக்கத்துக்கு ஆறு உரிமம் எழுதியிருந்தேன். இது ஏழு.

கட்டு அதற்குள் மெலிந்துவிட்டிருந்தது. அடியில் ஒரே ஒரு காகிதம் மிச்சம். குழந்தைசாமி, கௌதள்ளி, நாட்டுத் துப்பாக்கி ஒன்று. அதன் ஓரத்தில் 'எண்ணிக்கை நிறைந்தது. அடுத்த பட்டியலில் பரிசீலிக்கலாம்' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டேன். இரண்டாவது பேனாவால்.

ஆகஸ்டில் அவர் வந்தார். ராகி முழங்கால் உயரம் வந்திருப்பதாகச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். எண்ணிக்கை, பட்டியல், ஜனவரி என்று விளக்கினேன். கடைசி இடம் யாருக்குப் போனது என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீ வேணும்னா பண்ணியிருக்கப் போற? சட்டம் அப்பிடி இருந்தா நீ என்ன பண்ணுவ" என்றார். பிறகு, "ஜனவரிக்குள்ள ராகி அறுத்துருவாங்க தம்பி. காவல் வேணுங்கறது ஐப்பசி, கார்த்திகைல. யானைக்கு இந்தப் பட்டியல் சங்கதி தெரியாதே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

"தப்பட்டை, டின்னு எல்லாம் தட்டுங்கண்ணா. கொஞ்ச நாள்தானே."

"தட்டலாம். அதுக்கும் பழகிப்போச்சு. டின்னு சத்தம் கேட்டா எங்கியோ விருந்துன்னு நெனச்சுட்டு வருது."

மறு வாரம் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. நவம்பர் கடைசியில் இன்னொரு கடிதம். மோலியின் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் கன்னடம் வந்துவிட்டதால் தமிழ் கொஞ்சம் சாய்ந்திருந்தது. 'சித்திக்கு, யானை ஐந்து வந்தது. ராகி பூராவும் போய்விட்டது. அப்பா டின் தட்டிக்கொண்டே பின்னால் போய்ப் பாறையில் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். பயப்பட வேண்டாம் என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.'

ரோசலின் அன்றே புறப்பட்டுப் போனாள். நான் லீவு கேட்கவில்லை. ஜனவரிப் பட்டியலுக்கு வேலை இருந்தது. அந்தப் பட்டியலில் முதல் பெயராக அவர் பெயரை எழுதினேன். சொந்தக்காரர் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. உரிமம் அவர் படுக்கைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டேஷன் மூலையில் மழைத் தண்ணீர் சொட்டித் துருவேறி, அந்தத் துப்பாக்கியின் குழலில் விரல் நுழைகிற ஓட்டை விழுந்திருந்தது. அவருக்கும் இனிமேல் வரப்பில் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஐம்பத்தெட்டு மே மாதம் குடும்பத்தோடு மைசூருக்கு வந்து எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டார்.

அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலையாக ஒன்று வேண்டும். அதே சமயம் கேசவமூர்த்திக்கும் ஒரு கவலை வந்திருந்தது. வீட்டில் இப்படி ஒரு அபூர்வத் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். தசராவுக்கு ஆயுத பூஜையில் பலகை மேல் வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சரக், சரக் என்று காட்டினார். இப்போது யாராவது அதைத் திருடிக்கொண்டு போய்விட்டால்? தோட்டாவும் கிடையாது, பூஜை அறைக்குப் பக்கத்தில் வெடிமருந்து வாசனை ஆகாது என்று வத்ஸலா அம்மாள் சொல்லிவிட்டார்.

"நம்பிக்கையான ஆளா ஒரு காவல்காரன் வேணும், லூர்துராஜ். வீட்டுக்கு இல்லை. துப்பாக்கிக்கு."

நான்தான் குழந்தைசாமியைக் கொண்டுபோய் விட்டேன். பரிகாரம் என்று எனக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். கையில் ஒரு தடி கொடுத்தார்கள். துப்பாக்கியைத் தொட உரிமதாரருக்கு மட்டுமே அதிகாரம் என்று கேசவமூர்த்தி முதல் நாளே சட்டம் சொன்னார். ஆனால் எண்ணெய் போட அவருக்கு வராது. அதனால் சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் சட்டம் தளர்ந்தது.

ஐம்பத்தொன்பதில் ஒரு சனிக்கிழமை, மத்தியானத்துக்கு மேல், அந்தப் பக்கம் போனேன். குழந்தைசாமி வராந்தாவில் சாக்கு விரித்து, காலை ஒருபக்கமாக நீட்டி உட்கார்ந்து, துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப அழகாகத் துடைத்தார். தன்னுடையதை அப்படித்தான் துடைத்திருப்பார்.

"வா தம்பி. உக்காரு. உள்ள போவோணும்னா போ. உனக்குத்தான் நாற்காலி இருக்குதே."

"இல்லண்ணா, இங்கியே இருக்கேன்."

அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, குழலின்மேல் கையை விரித்து வைத்தார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை. கையை நகர்த்தி இன்னொருமுறை வைத்தார். பிறகு ஒரு விரலைக் குறுக்கே வைத்தார்.

"ரெண்டு சாண், ஒரு விரக்கட" என்றார். "என்ற சாண் ஒம்போது அங்குலம். எங்கப்பன் துப்பாக்கிய இப்பிடித்தான் அளப்பன். ரெண்டு சாணுன்னா பதினெட்டு. மேல அர."

நான் வாசலில் இருந்த ரோஜாச் செடியைப் பார்த்தேன்.

"பெட்டிக்குள்ள லைசென்சு மடிச்சு வெச்சிருக்காரு. போன சனிக்கெழம எடுத்துப் பாத்தன். கௌதள்ளின்னு போட்டிருந்துச்சு, அதான் ஆசையாப் படிச்சன். உன்ற கையெழுத்து நல்லா இருக்குது. இருபதரைன்னு எழுதியிருக்கற."

தெருவில் ஒரு ஜட்கா வண்டி போயிற்று. அது திரும்பி மறையும்வரை அவர் காத்திருந்தார்.

"மோலி வெட்டுன டேப்பா, தம்பி?"

தலையசைத்தேன்.

அவர் சிரித்தார். மெதுவாக ஆரம்பித்து, தோள் குலுங்க, இடுப்பு வலித்து அதைப் பிடித்துக்கொள்கிறவரைக்கும் சிரித்தார். "அன்னைக்கே அவளுக்கு ஒண்ணு வெச்சிருக்கோணும். உன்ற பொண்டாட்டிதான் வுடல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பின் தண்ணீர்தானா என்று நான் பார்க்கவில்லை.

"அண்ணா, நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நாளைக்கே அறிக்கை எழுதறேன். தப்பா அளந்துட்டேன்னு எழுதிக் கொடுத்துடறேன். என்ன வந்தாலும் வரட்டும்" என்றேன். சொல்லும்போதே முதுகு நிமிர்ந்ததை உணர்ந்தேன். திவான் நாற்காலியில் நிமிர்ந்த அதே நிமிர்வு.

"எழுதுனா?"

"துப்பாக்கி கைத்துப்பாக்கி இனத்துல போயிடும். ஐயங்காருக்கு லைசென்ஸ் ரத்து. ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்."

"அப்பறம் இங்க காவலுக்கு என்ன இருக்குது?"

அவர் துணியில் எண்ணெய் விட்டு, மரப்பிடியை இழுத்துத் தள்ளினார். சரக், சரக். உள்ளேயிருந்து கேசவமூர்த்தியின் குரல் திருப்தியோடு, "ஆங், அதே சப்தம்!" என்றது.

"திருப்பி எப்ப எழுதோணும் லைசென்ச?" என்று குழந்தைசாமி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டிசம்பர்ல. மறுபடி அளந்து பாக்கணும்."

"ஆபீசுல இப்ப புதுசா இரும்பு ஸ்கேலு வந்திருக்குதாமே, சீனிவாசன் சொன்னாரு. நீளமா."

"ஆமா."

துப்பாக்கியை வெல்வெட் பெட்டிக்குள் வைத்து மூடினார். மூடின பெட்டிமேல் கை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அத எடுத்துட்டு வராத தம்பி. ரோசலின் டேப்பையே கொண்டா."

டிசம்பரில் கொண்டுபோனேன். அந்தத் தடவை தலைப்பைப் பிடித்துக்கொண்டது குழந்தைசாமியின் கட்டைவிரல். இருபதரை என்று படித்தேன்; மூச்சு விடாமல் எழுதினேன்.